பனியில் கருகிய தேயிலையும் ஓரெழுத்து மாறிய மரபணுவும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டிருந்ததன் சாரம் இது: "செல்லுயிரியலும் மூலக்கூறு உயிரியலும் என் மாணவர்களுக்கு வெறும் மனப்பாடமாகவே போகின்றன. ஒரு சம்பவத்தைக் கதையாகக் கொடுத்து, அதை அலசவைத்துக் கற்பிக்கும் கேஸ் ஸ்டடி முறை நம் பள்ளிகளுக்கு ஒத்துவருமா? அப்படி ஒரு கதையை எப்படி எழுதுவது? பாடத்தை முடிக்க நேரம் போதுமா?" நீலகிரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பாடங்களை நடத்தி, இம்முறையில் பலமுறை சறுக்கியும் சிலமுறை தேறியும் பழகியவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். கேஸ் ஸ்டடியை நேர்வுக்கதை என்று சொல்லிப் பழகிவிட்டதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870-களில் லேங்டெல் என்பவர், விதிகளை ஒப்பிக்கவைப்பதை விட்டுவிட்டு, தீர்ப்புகளைக் கையில் கொடுத்து அவற்றிலிருந்து விதியை மாணவர்களையே தேடி எடுக்கவைத்தார். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, நோயாளியின் சிக்கலிலிருந்து பாடத்தைத் தொடங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அடிப்படை அறிவியல் வகுப்புகளுக்கு இதைப் பரவலாக்கியதில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைட் ஃப்ரீமன் ஹெரெய்டுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் விரும்பிய வடிவங்களில் நம் வகுப்பறைக்கு மிகவும் பொருந்துவது கதையை இடையிடையே நிறுத்திச் சொல்வது: ஒரு தாளைக் கொடுத்து, மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்தபின் அடுத்த தாளைக் கொடுப்பது. நம் ஊர்க் கதாகாலட்சேபக்காரர்களும் தெருக்கூத்துக்காரர்களும் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் சுவையான ஒரு செய்தியைச் சொல்லி, பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததும் "சரி, நோட்டை எடுங்கள்" என்று குறிப்புச் சொல்லத் தொடங்குவது நேர்வுக்கதை ஆகாது. அது வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம். அதை அவிழ்த்துவிட்டாலும் வீடு அப்படியேதான் நிற்கும். நேர்வுக்கதையில் ஒரு முடிச்சு இருக்கவேண்டும். செல்லுக்குள்ளோ மூலக்கூறுக்குள்ளோ இறங்கிப் பார்த்தாலொழிய அவிழாத முடிச்சாக அது இருக்கவேண்டும். அப்படி ஒரு முடிச்சு கிடைத்துவிட்டால், ஆசிரியரின் திறமை எதைச் சொல்வது என்பதைவிட, எதை எதுவரை சொல்லாமல் வைத்திருப்பது என்பதில்தான் இருக்கிறது. விடையைச் சொல்லியே பழகிய வாய்க்கு இது எளிதன்று. முதல் ஆண்டு முழுவதும் மாணவர்கள் தவறான வழியில் இரண்டு நிமிடம் போனாலே நான் குறுக்கே விழுந்து திருத்திக்கொண்டிருந்தேன். கதை அங்கேயே செத்துப்போனது.

பொதுவாகப் பேசுவதைவிட, நான் பயன்படுத்தும் இரண்டு கதைகளைக் காட்டுவது உதவும். உங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ தேயிலை இருக்கும், அல்லது கொழுந்து பறிக்கப் போகும் அம்மா இருப்பார். ஆகவே முதல் கதை தேயிலை.

முதல் தாளில் இவ்வளவுதான். டிசம்பர் கடைசி வாரம். இரவில் மேகமுமில்லை, காற்றுமில்லை. விடிந்ததும் பார்த்தால் பள்ளத்துத் தோட்டத்தின்மேல் உப்பைத் தூவினாற்போல உறைபனி. மேட்டுத் தோட்டத்தில் அது இல்லை. வெயில் ஏறுகிறது. அடுத்த நாள் பள்ளத்துச் செடிகளின் கொழுந்தெல்லாம் செம்பழுப்பாகிக் கருகிக் கிடக்கிறது. பச்சைத்தேயிலை வாங்க வந்த ஏஜெண்ட் அதைத் தொடக்கூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, பேக்டரில அரைச்சுக் கொட்டி வெச்சா இதே கலர்தானே வரும்?" என்கிறாள். தாள் இங்கே முடிகிறது. தீயே படாத இலை எப்படிக் கருகியது? உறைந்த இலையும் அரைத்த இலையும் எப்படி ஒரே நிறத்துக்கு வந்தன?

வகுப்பில் வழக்கமாக வரும் விடைகள் மூன்று: பனி சுட்டுவிட்டது, பனிக்குப்பின் வந்த வெயில் சுட்டுவிட்டது, பச்சையம் செத்துப்போயிற்று. மூன்றையும் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாம் தாளுக்குப் பதிலாக நான்கு தட்டுகள் வரும். ஒன்றில் கைபடாத கொழுந்து. இரண்டாவதில் உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கிய கொழுந்து. மூன்றாவதில் இரண்டு நிமிடம் ஆவியில் காட்டி, பிறகு கசக்கியது. நான்காவதில் முந்தைய இரவு பிரிஜ்ஜின் உறைபெட்டியில் வைத்துக் காலையில் எடுத்து இளக விட்டது. ஒரு மணி நேரத்தில் இரண்டாவதும் நான்காவதும் பழுப்பேறத் தொடங்குகின்றன. முதலாவதும் மூன்றாவதும் பச்சையாகவே இருக்கின்றன, மூன்றாவது சற்று மங்கலாக. ஓர் ஆண்டு, அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "பச்சையம் செத்ததுதான் காரணம்னா, ஆவில வெச்ச இலைல அது மொதல்லயே செத்திருக்கணுமே சார், அது ஏன் பழுக்கல?" கரும்பலகையில் இருந்த மூன்றாவது விடையை நான் அழிக்கவில்லை, அவளே வந்து அழித்தாள்.

அதன்பின்தான் இலைச் செல்லின் படம் உள்ள தாள் வருகிறது. அதில் பெயர்கள் இல்லை. நடுவில் பெரிய பையும் ஓரத்தில் பச்சைப் பொட்டுகளும் மட்டுமே. எங்கோ ஒன்று, வேறெங்கோ இன்னொன்று, நடுவே ஒரு வேலி. கசக்கும்போது வேலி உடைந்து இரண்டும் சேர்கின்றன. சூடு பட்டால் இரண்டில் ஒன்று வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது என்ற இடத்துக்கு ஒரு குழுவாவது வந்துசேரும். அந்த இடத்தில் பெயர்களைக் கொடுத்தால் போதும். பெரிய பை வாக்குவோல், அதற்குள் கேட்டகின்கள் என்ற வேதிப்பொருள்கள். பச்சைப் பொட்டுகள் பசுங்கணிகங்கள். அவற்றில் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. சவ்வு குலைந்து, இரண்டும் சேர்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் கிடைத்தால் தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற நிறப்பொருள்கள் உருவாகின்றன; நாம் குடிக்கும் டீயின் செம்மை அவற்றிலிருந்து வருவது. ஆவி பட்ட இலையில் நொதியின் வடிவம் குலைந்துவிட்டதால் அது பச்சையாகவே நிற்கிறது. கிரீன் டீ செய்யும் முறையின் அடிப்படையும் அதுவே. ஓர் ஆளோடு பேசிப் பழகியபின் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மறக்காது அல்லவா, பாலிபீனால் ஆக்சிடேஸும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது.

இங்கே இரண்டு திருத்தங்களை ஆசிரியர் கைவசம் வைத்திருக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்த பாட்டில் வெடிப்பதுபோல் செல் வெடித்துவிட்டது என்று மாணவர்கள் சொல்வார்கள். தோட்டத்தில் மெதுவாக உறையும்போது பனிக்கட்டி பெரும்பாலும் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் முதலில் உருவாகிறது. அது செல்லுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்க, செல் வற்றிச் சுருங்கிச் சவ்வுகள் பழுதாகின்றன. ஆகவே வெடிப்பைவிட வறட்சிதான் சரியான படம். சவ்வூடு பரவல் பற்றிய பாடம் முழுவதையும் இந்த ஒரு வரியில் நுழைத்துவிடலாம். அடுத்தது, தொழிற்சாலையில் இந்தக் கட்டத்தைப் பெர்மென்டிங் என்கிறார்கள். ஆனால் தோசை மாவில் நடப்பதுபோல இங்கே நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை, நடப்பது ஆக்சிஜனேற்றம். அந்த ஆங்கிலச் சொல் பொருந்தாது என்று புத்தகங்கள் குறை சொல்லும். தமிழில் நொதித்தல் என்று சொல்லிவிட்டால், நொதியால் நடப்பது என்ற அளவில் அது பாதி சரியாகிவிடுவது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம். பள்ளத்துத் தோட்டம் மட்டும் ஏன் கருகியது என்பதை இயற்பியல் ஆசிரியரிடம் விட்டுவிடலாம்: தெளிந்த இரவில் தரை வெப்பத்தை இழக்கிறது, குளிர்ந்த காற்று கனமாகி இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளை மிலார் செடிகளால் மூடிவைப்பதை உங்கள் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதை ஏன் செய்கிறார்கள் என்பதே ஒரு நல்ல வீட்டுப்பாடம்.

தேயிலை செல்லின் அறைகளைக் கற்பிக்கும். மரபணுவில் எழுதியிருப்பது உடம்பில் நோவாக வெளிப்படும் நீண்ட வழியைக் காட்டுவதற்கு, எனக்குத் தெரிந்தவரை, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான கதிர் அரிவாள் இரத்தசோகைக்கு இணையான நேர்வு வேறில்லை. நம் மலைக்கும் அதற்கும் உறவு உண்டு: தென்னிந்தியாவில் அப்பண்பு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952-இல் பதிவுசெய்தது நீலகிரிப் பழங்குடியினர் சிலரின் இரத்தத்தைச் சோதித்துத்தான். பெயரில் மட்டும் ஒரு சிறு தடங்கல். கதிர் அறுக்கும் அரிவாளைப் பார்க்காத மேல்மலைப் பிள்ளைகளுக்குக் கவ்வாத்துக் கத்தியின் வளைவைச் சொன்னால் உடனே பிடிபடும்.

கதை இப்படித் தொடங்கும். ஒன்பது வயதுப் பையன். குளிர் கூடும் நாட்களில் கைகால் எலும்புகளில் தாங்கமுடியாத வலி, கண்ணில் மஞ்சள், சோர்வு. ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்வரை அவனுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார் அம்மா. ஹீமோகுளோபின் அளவு 7.5 கிராம். வகுப்பே ஒரே குரலில் இரும்புச்சத்துக் குறைவு என்று தீர்ப்புச் சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிடும். கொடுக்கட்டும். இரண்டாம் தாளில் இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் அளவு ஏறவில்லை, இரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருக்கிறது என்று வரும். தாங்கள் செய்த மருத்துவம் பலிக்கவில்லை என்பதைப் பார்த்தபின் மாணவர்கள் கேட்கும் கேள்விகளின் தரமே மாறிவிடும். இந்தத் தோல்வியை அவர்களுக்கு இல்லாமல் செய்துவிடாதீர்கள்.

மூன்றாம் தாளில் கரைதிறன் சோதனை. இரத்தத் துளியைச் சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்கிறார்கள். சாதாரண இரத்தம் என்றால் கோடுகள் தெரியும், பையனுடையதில் தெரியவில்லை. ஆனால் அப்பா, அம்மா இருவருடையதிலும் தெரியவில்லை, அவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். வகுப்பு இங்கே இரண்டாகப் பிரியும். சோதனை தவறு என்று ஒரு கட்சி, பெற்றோர் நோயை மறைக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. நான்காம் தாளில் காரச் சூழலில் செய்த எலக்ட்ரோபோரெசிஸின், அதாவது மின்புலத்தில் புரதங்களை ஓடவிட்டுப் பிரிக்கும் சோதனையின் படம். சாதாரண ஹீமோகுளோபின் நேர்மின்முனையை நோக்கி விரைவாக ஓடியிருக்கிறது, பையனுடையது பின்தங்கிவிட்டது, பெற்றோருக்கு இரண்டு பட்டைகளும் இருக்கின்றன. கடத்தி (மாறிய மரபணு ஒன்றைச் சுமந்தும் நோயில்லாதவர்) என்ற சொல்லை நான் சொல்லுமுன்பே யாராவது சொல்லிவிடுவார்கள். ஏன் பின்தங்கியது என்பதற்கு, லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1949-இல் இதே வேறுபாட்டைக் கண்டு இதை மூலக்கூறு நோய் என்று அழைத்தபோது அவர்களிடமும் முழு விடை இல்லை. 1956-57-இல் வெர்னான் இங்கிராம் அந்தப் புரதத்தைத் துண்டுதுண்டாக்கிப் பார்த்து, பீட்டா சங்கிலியில் ஒரே ஓர் இடத்தில் எதிர்மின்னூட்டம் உள்ள குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் மின்னூட்டமற்ற வாலின் வந்திருப்பதைக் கண்டார்.

ஐந்தாம் தாளில்தான் கதையின் உயிர் இருக்கிறது. பீட்டா குளோபின் மரபணுவின் குறியீட்டுப் பகுதியின் முதல் ஒன்பது முக்குறியங்களை (ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) அப்படியே கொடுத்துவிடுவேன்: ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி, ஜிஏஜி, ஏஏஜி. பக்கத்தில் பையனுடைய வரிசை. ஒரே ஓர் எழுத்து மாறி, முதல் ஜிஏஜி ஜிடிஜி ஆகியிருக்கிறது. படியெடுத்து, மரபுக்குறியீட்டு அட்டவணையை வைத்து அமினோ அமிலங்களை எழுதுங்கள், மாறிய இடம் எத்தனையாவது என்று சொல்லுங்கள் என்பேன். எல்லாக் குழுக்களும் ஏழு என்று சொல்லும். பாடநூலோ ஆறு என்கிறது. சிலர் பாடநூலில் அச்சுப்பிழை என்பார்கள், சிலர் தாங்கள் எண்ணியதைச் சந்தேகித்து மறுபடி எண்ணுவார்கள். ஏடிஜி என்பது தொடக்கக் குறியீடு, அது கொண்டுவரும் மெத்தியோனின் புரதம் உருவாகும்போதே வெட்டி நீக்கப்படுகிறது, மீதமுள்ள 146 அமினோ அமிலங்களில் எண்ணினால் அது ஆறாவது என்பதை அவர்களே கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் படியெடுத்தல், மொழிபெயர்ப்பு, தொடக்கக் குறியீடு, மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாற்றம் ஆகிய நான்கும் யாரும் நடத்தாமலே நடந்துவிடுகின்றன. கூர்மையான மாணவர் ஒருவராவது இன்னொன்றையும் கவனிப்பார்: அதே சங்கிலியின் முதல் இடத்திலேயே ஒரு வாலின் இருக்கிறது, அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அப்படியென்றால் வாலின் நஞ்சன்று. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிக்கல்.

ஓர் அமினோ அமிலம் மாறியதும் செல் வளைந்துவிட்டது என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்கள் நடுவே ஒரு பெரிய படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்தப் படிக்காக இருபது தீப்பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் இருபுறமும் ஒட்டும் டேப் ஒரு துண்டு, அது வாலின். எதிர்ப்பக்கத்தில் வழவழப்பான ஒரு சிறு சதுரம், அது அண்டை மூலக்கூறில் வாலின் பொருந்தும் குழி. அதன்மேல் மெழுகுத்தாளை மடித்து மூடிவைத்திருப்பேன். மூடியிருக்கும்வரை பெட்டிகளைக் குலுக்கினாலும் ஒட்டாது. "நுரையீரலைத் தாண்டித் தசைக்கு வந்தாயிற்று, ஆக்சிஜனை இறக்கிவிட்டாயிற்று" என்று சொல்லி மெழுகுத்தாள்களை நீக்கியதும் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கோல்களாகின்றன. அந்தக் கோல்களை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் திணித்தால் பை கோணிக்கொள்கிறது. சிவப்பணுவுக்கும் அதுவே நடக்கிறது. ஆக்சிஜன் உண்மையில் அந்தக் குழியை மூடிக்கொண்டு நிற்பதில்லை, ஆக்சிஜன் விலகும்போது மூலக்கூறின் வடிவமே மாறிக் குழி வெளியே தெரியவருகிறது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். பொம்மைகள் எல்லாம் ஓரிடத்தில் பொய் சொல்லும், எந்த இடத்தில் என்பதை ஆசிரியர் சொல்லிவிட வேண்டும். சுமார் 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு இப்படிக் கோணிக்கோணி 10 முதல் 20 நாளில் அழிகிறது. ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை, கண் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்ற முதல் தாளின் கேள்விகள் இங்கே தாமாக மூடிக்கொள்கின்றன.

இன்னும் இரண்டு கேள்விகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதம்வரை குழந்தைக்கு ஏன் ஒன்றுமில்லை? கருப்பருவ ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியே இல்லை, காமா சங்கிலிதான் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில்தான் உடம்பு ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்குகிறது. ஹைட்ராக்சியூரியா மருந்து பலனளிப்பதற்கு முக்கியக் காரணம் அது அந்தப் பழைய ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டுவது; 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் சிகிச்சையும் நோய்க்குக் காரணமான எழுத்தைத் திருத்துவதில்லை, காமா சங்கிலியை நிறுத்திவைக்கும் பூட்டைத்தான் உடைக்கிறது. மரபணு வெளிப்பாட்டின் ஒழுங்குபாடு என்ற வறண்ட தலைப்பை இந்த வழியாக நடத்திப் பாருங்கள். அடுத்த கேள்வி, இவ்வளவு கெடுதலான மாற்றம் ஏன் மறைந்துபோகவில்லை என்பது. ஒரே ஒரு மாறிய மரபணு உள்ள கடத்திகளுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என்பதை ஆந்தனி அலிசன் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் வழியில் நடுவட்டத்தைக் கடக்கும்போது, 1860-களில் இந்த மலையில் சிங்கோனா மரம் எதற்காக நடப்பட்டது, அதன் பட்டையிலிருந்து எடுத்த கொய்னா மருந்து எந்த நோய்க்கு வேண்டியிருந்தது என்று கேட்டால் போதும், பிள்ளைகள் மீதியைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதே கதையில்தான் நான் மோசமாகச் சறுக்கினேன். முதலில் எழுதியபோது உண்மைத்தன்மை வேண்டும் என்று நினைத்து, பையனுக்கு ஒரு குறிப்பிட்ட பழங்குடிச் சமூகத்தையும் ஒரு பாடியையும் (மலைக் குடியிருப்பு) கொடுத்திருந்தேன். இரண்டாம் தாள் முடிந்ததும் பின்வரிசையில் ஒரு மாணவி தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. வகுப்பு முடிந்தபின் வந்து, "சார், இது எங்க ஊர்க் கதையா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அடுத்த இரண்டு தாள்கள் கொடுத்த நாட்களில் அவள் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குச் சாதியும் இல்லை, ஊரும் இல்லை. நோய் மத்திய இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இருப்பதைக் காட்டும் நிலப்படம் முதல் தாளுடனேயே போகிறது. 1952-இல் நீலகிரியில் நடந்த ஆய்வைக் கதை முடிந்தபின், வரலாறாகவே சொல்கிறேன். கடத்தி நோயாளி அல்லர் என்பதை ஒவ்வொரு தாளிலும் எங்காவது எழுதிவைக்கிறேன். வகுப்பில் எந்த மாணவரின் இரத்தத்தையும் சோதிப்பதில்லை, இரத்தவகை பார்ப்பதுகூட இல்லை. 2023 ஜூலையில் தொடங்கிய, இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தின்கீழ் பரிசோதனை நடந்துவருவதால், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் பையில் ஏற்கெனவே பரிசோதனை அட்டை இருக்கலாம். அதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். உள்ளூர்க் கதை நெருக்கமானது. அந்த நெருக்கமே காயப்படுத்தவும் செய்யும். தேயிலைக் கதையில் இந்த ஆபத்து இல்லை என்பதால் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்கலாம்.

எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். கடைசியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். பாடம் முடிந்ததும் மாணவர் தன் சொற்களில் எழுதவேண்டிய ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிக்கொண்டு, அந்த வாக்கியத்தை எட்டுவதற்கு எந்தத் தகவல் கடைசியாகத் தேவை, அதற்கு முந்தியது எது என்று பின்னோக்கி வாருங்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் தாள்களின் வரிசை கிடைத்துவிடும். ஒவ்வொரு தாளும், மாணவர் ஏதாவது ஒன்றைத் தீர்மானித்தே ஆகவேண்டிய இடத்தில் முடியட்டும்; "இதைப் பற்றி உன் கருத்து என்ன" என்ற வகைக் கேள்வியில் முடியும் தாளுக்கு யாரும் உழைக்கமாட்டார்கள். ஆட்கள் கற்பனையாக இருக்கலாம், அளவுகளும் வரிசைகளும் அறிவியலுக்குப் பொருந்தியே இருக்கவேண்டும். கதைமாந்தர் பேசும் தமிழ் உங்கள் ஊரில் பேசும் தமிழாக இருக்கட்டும், "தந்தையே, இவ்விலை ஏன் பழுப்பானது?" என்று ஒரு மகள் கேட்டால் வகுப்பு சிரித்துவிடும், அதோடு கதை போயிற்று.

நேரத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதுதான். ஹீமோகுளோபின் கதைக்கு எனக்கு நான்கு பாடவேளை ஆகிறது. ஆனால் மரபுக்குறியீடு, படியெடுத்தல், மொழிபெயர்ப்பு, திடீர் மாற்றம், ஒடுங்கு பண்பின் கடத்தல் என்று பாடநூலில் வெவ்வேறு இடங்களில் கிடப்பவை அந்த நான்கில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் நேரத்தைக் கழித்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது. ஐந்தாவது வேளையில் பாடநூலைத் திறந்து, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதவைத்துவிடுங்கள். பொதுத்தேர்வு கதை கேட்காது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் பேசுபவரை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் நாலு பேர் பேச மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் கதையாக்க முயலவேண்டாம். கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் மைட்டாசிஸின் நிலைகளையும் நேராகக் கரும்பலகையில் வரைந்து நடத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவற்றில் முடிச்சு இல்லை, வரிசைதான் இருக்கிறது. இல்லாத முடிச்சைப் போட்டால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆண்டுக்கு மூன்று கதை நன்றாக அமைந்தால் போதும்.

தேயிலைக் கதையை இந்த டிசம்பரிலேயே செய்து பாருங்கள். மருந்து அடித்துப் பத்துப் பதினைந்து நாளாவது ஆன செடியிலிருந்து இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக, தட்டுக்கு ஒரு கைப்பிடி என நான்கு கைப்பிடி பறித்துக்கொள்ளுங்கள். முற்றிய இலை சரிப்படாது, நிறம் மெதுவாகத்தான் மாறும். கசக்கியதும் இலையை உருட்டிக் குவித்து வைக்காமல் தட்டில் பரப்பிவையுங்கள், மூடியும் போடாதீர்கள், காற்றுப் படவேண்டும். கூடவே ஐந்தாவதாகக் கொஞ்சம் கொழுந்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, காற்றையெல்லாம் அழுத்தி வெளியேற்றி இறுக்கிக் கட்டியபின் பையோடு சேர்த்துக் கசக்கி, மேசை ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஒன்றும் சொல்லவேண்டாம், அது மட்டும் ஏன் நிறம் மாறப் பிந்துகிறது என்று யாராவது கேட்கும்வரை காத்திருங்கள்.